ஹில்குரோவ் வரை

ரத்தத்தில் ஒன்றுமில்லை.
மலத்தில் ஒன்றுமில்லை.
கோயம்புத்தூர் போய், மயக்க ஊசியில் கிடந்து,
பின்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததிலும்
ஒன்றுமில்லை.
அத்தனை ஒன்றுமில்லைகளையும்
ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்து
பதினோராயிரம் வாங்கிக்கொண்டார்கள்.

நான் மலைரயிலில் பிரேக்ஸ்மேன்.
மூன்றாம் பெட்டியின் முன்மேடை என் இடம்.
என்ஜின் விசிலுக்கு இறுக்குவேன்,
விசிலுக்குத் தளர்த்துவேன்.
என் வயிறு யார் விசிலையும் கேட்பதில்லை.

கல்லாறு தாண்டி
சக்கரப்பல் தண்டவாளப்பல்லைக் கவ்வும்
அந்த முதல் குலுக்கலில் அது கேட்கும்:
அடுத்த கக்கூஸ் எங்கே?
எனக்குத் தெரியும். அதற்கும் தெரியும்.
ஹில்குரோவ்.
நடுவில் பாறை, சுரங்கம்,
செல்போனை வெளியே நீட்டிய நூறு சுற்றுலாக் கைகள்.

புதர் எதுக்குடா இருக்கு, என்பான்
முதல் பெட்டி லூர்துசாமி.
அவனுக்கு வயிறு ஓர் உறுப்பு.
எனக்கு அது மேலதிகாரி.

குன்னூர் ஆஸ்பத்திரியின் கடைசி அறையில்
ஷர்மிளா பேகம் மருந்துச் சீட்டையே எடுக்கவில்லை.
"மனசுதான் காரணம்னு சொல்லப் போறீங்க"
என்று நான் எழுந்துவிட்டேன்.
"உக்காருங்க. வலி நிஜம்.
பயந்தா வயித்துல புளியக் கரைக்குதுங்கிறோம்.
தலையில கரைக்குதுன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

உட்கார்ந்தேன்.

ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேல்.
கீழ்க்கைதான் எழ வேண்டும்.
நாலு எண்ணி இழுக்க, ஆறு எண்ணி விட.
முதல் வாரம் மேல்கைதான் எழுந்தது.
இரண்டாம் வாரம் தூங்கிவிட்டேன்.
மூன்றாம் வாரம்,
கண்ணை மூடி நிதானமாகப் போகிற ஓர் ஆற்றை நினைக்கச் சொன்னார்.
எனக்கு வந்தது கல்லாறு.
கோடையில் வெறும் கல்,
மழையில் பாலத்தையே கேட்கும்.
ஆறு வேண்டாம் மேடம், என்றேன்.
"சரி, உங்களுக்கு எது நிதானம்?"

நேரமெடுத்துச் சொன்னேன்: பல்.
நடந்து வருகிறவன் முந்திவிடுவான்,
அந்த வேகத்தில்
ஒரு பல்லை விட்டு மறுபல்லைப் பிடிக்கிற சக்கரம்.
அது அவசரப்பட்டு நான் பார்த்ததேயில்லை.

ஐப்பசியில் ஒருநாள்
ஆடர்லிக்கு மேலே வண்டி நின்றது.
முழங்கால் உயரத்துக்கு மண்.
கேங்மேன்கள் வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.
புளி கரையத் தொடங்கியது.

கைபிரேக்கைப் பூட்டியாயிற்று.
வண்டி அசையவில்லை.
ஆனாலும் நான் இறுக்கிக்கொண்டிருந்தேன்,
தாடையில், தோளில், பிட்டத்தில்,
செருப்புக்குள் கால்விரல்களில்கூட.
இறக்கம் முழுக்க இறுக்கியே வந்தால்
கட்டை கருகும்.
அந்த வாசனை எனக்குத் தெரியும்.

தாடையை விட்டேன்.
தோளை விட்டேன்.
இழுக்க நாலு பல். விட ஆறு பல்.
வலி போகவில்லை.
ஒரு குரங்கைப் போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து
என் கையையே பார்த்தது.
நான் பொட்டலம் எதையும் பிரிக்கவில்லை.
நெடுநேரம் கழித்து
வேறு ஜன்னலுக்குப் போனது.

"என்ன எண்ணுறீங்க அங்கிள்?"
உள்ளேயிருந்து ஒரு சிறுமி.
பல்லு, என்றேன்.
வாய்க்குள் விரல் விட்டுத் தடவி
தனக்கு இருபத்திரண்டு என்றாள்.

ஹில்குரோவில் ஓடத்தான் செய்தேன்.
கூடுமானவரை நடப்பதைப் போல.
மறுவாரம் வண்டி எங்கும் நிற்கவில்லை,
மழையில்லை, மண்ணில்லை,
எண்ணி எண்ணியும் தோற்றேன்.
லூர்துசாமி கொடியைப் பிடித்துக்கொண்டு
மரியாதையாக எதிர்ப்பக்கம் பார்த்து நின்றான்.

ஷர்மிளா கொடுத்த நோட்டில் இன்றைக்கு:
வலி, பத்துக்கு நாலு.
தூக்கம், ஆறு மணி நேரம்.
மூச்சு, காலையில் செய்தேன், ராத்திரி மறந்தேன்.
'வேறு ஏதாவது' என்ற கட்டத்தில்,
தம்பி மறுபடி பணம் கேட்டு போன்.
எழுதி, அடித்து,
அடித்ததன் மேலேயே திரும்ப எழுதினேன்.
வடை, ஒன்று.

வடை இரண்டு.